பூஞ்சை பிடித்த நாடாவில் ஒரு பழைய சிரிப்பு

கொட்டிவாக்கத்தில் கடலுக்கு நான்கு தெரு தள்ளி இருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், மிக்ஸியின் அடிப்பாகம் என எல்லாம் அரித்துப்போகும். பரணில் வைத்த வீடியோ கேசட் மட்டும் தப்புமா? சில வருடங்களுக்கு முன் அப்பாவின் அட்டைப்பெட்டியை இறக்கியபோது, 31 கேசட்டுகளில் 22இல் நாடாச் சுருளின் ஓரம் முழுக்க வெள்ளையாகக் கோலப்பொடி தூவியதுபோல இருந்தது. பூஞ்சை. ஒரு கேசட்டின் முதுகில் அப்பாவின் கையெழுத்தில், பச்சை மையில், 'சாம்பு. அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

எழுதியதோடு அவர் விடவில்லை. கேசட்டின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபடி பதிவு செய்ய முடியாது. அந்தப் பட்டையை அவர் உடைத்து வைத்திருந்தார். அதே பெட்டியில், உடைத்த ஓட்டையின்மேல் செலோடேப் ஒட்டி யாரோ ஒருநாள் கிரிக்கெட் மேட்சைப் பதிந்த கேசட்டும் இருந்தது. அடியில் என்ன நாடகம் போயிற்று என்று அதன் அட்டையில்தான் படிக்க முடிகிறது.

அன்று தொடங்கிய வேலைதான் இது. பழைய தொலைக்காட்சி நகைச்சுவை நாடகங்களை நாடாவிலிருந்து எடுத்து, சுத்தம் செய்து, வசனத்தை எழுத்தாகப் போடுவது. சம்பளம் கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் நேரம். சென்னையிலும் வெளிநாட்டிலும் இதையே செய்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். நாடா தேடுகிறவர், ஒலியைச் சீர்செய்கிறவர், வசனம் எழுதுகிறவர் என்று ஆளுக்கொரு கை.

பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போட்டால் இரண்டு கேடு. நாடா அறுந்துபோகும், டெக்கின் ஹெட்டில் ஒட்டிய பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். அதனால் முதலில் சில நாள் ஈரம் இல்லாத டப்பாவில் சிலிக்கா பொட்டலங்களோடு மூடி வைக்கிறேன். பிறகு மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கேசட்டின் பின்பக்கத்து ஐந்து திருகாணிகளைக் கழற்றி, பஞ்சில்லாத துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். மூன்று மணி நேர கேசட்டில் ஏறக்குறைய 250 மீட்டர் நாடா. முதல் கேசட்டுக்கு எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

டெக் கிடைப்பது இன்னொரு பாடு. உலகில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ரிச்சி தெருவில் இன்னும் இரண்டொரு பெரியவர்கள் ஹெட் மாற்றித் தருகிறார்கள். அவர்களுக்குப் பிறகு யார் என்பதை நினைத்தால்தான் அவசரம் புரிகிறது.

இத்தனை பாடுபட அந்த நாடாவில் என்ன இருக்கிறது? 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, நகைச்சுவைக்கு அது வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் ஆட்கள் தயாராக இருந்தார்கள். எழுத்தும் நடிப்பும் வசன வேகமும் மேடையில் பழகியவை. காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர், மௌலி, கிரேசி மோகன் என்று சபாவில் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டியவர்கள் நம் கூடத்துக்கே வந்தார்கள். எழுத்தாளர் தேவனின் துப்பறியும் சாம்பு தொடராக வந்தபோது சாம்புவாக நடித்தவர் காத்தாடிதான். 'காத்தாடி' என்பதே சோவின் நாடகத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர், நடிகரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் பக்கத்து ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த மோகன் என்ற இளைஞர், 1976இல் எஸ்.வி.சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக எழுதிய முழுநீள நாடகம் 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. அந்த நாடகம்தான் அவருக்குக் 'கிரேசி' என்ற பட்டத்தைக் கொடுத்தது. இன்று பாலவாக்கத்துக்கும் கொட்டிவாக்கத்துக்கும் எங்கே எல்லை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவருக்குத் தெரியாது. அந்த நாளில் பாலவாக்கம் ஊருக்கு வெளியே, திருடன் ஒளியத் தோதான இடம். 2011இல்தான் இந்த ஊர்கள் மாநகராட்சிக்குள் வந்தன. 2019 ஜூன் 10 அன்று மோகன் காலமான செய்தி வந்த இரவு, அவர் கேசட் ஒன்றைத்தான் போட்டுப் பார்த்தேன். அவர் நாடகங்களில் வழக்கமாக வரும் பாத்திரங்களான மாதுவும் ஜானகியும் வந்தார்கள். தனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் நினைவாகத்தான் தன் நாயகிகளுக்கெல்லாம் ஜானகி என்றே பெயர் வைத்தார் அவர்.

அந்தக் காலத்தில் தொலைக்காட்சி நிலையங்களுக்கு நாடா விலை உயர்ந்த பொருள். ஒளிபரப்பு முடிந்ததும் அதன்மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது உலகம் முழுக்க நடந்தது. பிபிசியே நூற்றுக்கணக்கில் அழித்தது. அவர்களுடைய 'டாட்ஸ் ஆர்மி' என்ற புகழ்பெற்ற நகைச்சுவைத் தொடரில் காணாமல்போன இரண்டு பகுதிகள் 2001இல் கிடைத்தன. அதே தொடரின் 1969ஆம் வருடத்துப் பகுதி ஒன்று கறுப்பு வெள்ளைப் படச்சுருளாக மட்டும் எஞ்சியிருந்தது. அந்தச் சுருளில் நுண்புள்ளிகளாகப் பழைய வண்ணத் தகவல் ஒளிந்திருப்பதை ஆர்வலர்கள் சிலர் கண்டுபிடித்து, அதிலிருந்தே நிறத்தை மீட்டார்கள். 2008 டிசம்பரில் பிபிசி அதை வண்ணத்தில் ஒளிபரப்பியது. ரசிகர்களின் உழைப்பை நிலையமே ஏற்றுக்கொண்டது. இங்கேயும் அப்படி நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

படத்தைச் சீர்செய்வது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நம் ஊர் பழைய ஒளிபரப்பில் ஒரு நொடிக்கு 25 சட்டகம். ஒவ்வொன்றும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக வரும். கணினியில் அப்படியே பார்த்தால் கையை வீசும்போது சீப்புப் பல் தெரியும். அதை நீக்கி, நடுக்கத்தை நிறுத்தி, இரைச்சலைக் கொஞ்சம் குறைத்தால் போதும். இப்போது செயற்கை நுண்ணறிவால் மெருகேற்றுகிறேன் என்று சிலர் செய்வது எனக்கு ஒப்பவில்லை. நாடாவில் இல்லாத முகத்தை அது தானாக வரைகிறது. காத்தாடியின் புருவம் ஏறி இறங்குவதில்தான் பாதிச் சிரிப்பே இருக்கிறது. அதை மெழுகுப் பொம்மையாக்கிவிட்டு மீட்பு என்று சொல்லக்கூடாது. நாடகத்துக்கு நடுவே வருகிற 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைக்கூட நான் வெட்டுவதில்லை. அன்று அதையும் சேர்த்துத்தான் பார்த்தோம்.

மெனக்கெட வேண்டிய இடம் வசனம். தமிழ் நகைச்சுவை வாயில் இருக்கிறது. சொல் காதில் விழாவிட்டால் எவ்வளவு தெளிவான படமும் வீண். ஒரு சபா நாடகப் பதிவில், பார்வையாளர் சிரிப்பலைக்கு நடுவே ஒரே ஒரு சொல் பிடிபடவில்லை. ஒலியை மெதுவாக்கிப் பார்த்தேன், இரைச்சலை வடிகட்டிப் பார்த்தேன். 'காய் மாத்து' என்றுதான் கேட்டது. காயை எதற்கு மாற்றுவது? மூன்றாவது இரவு, சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே சொன்னார்: "கைமாத்துடா! மாசக் கடைசியில உங்கப்பா எதிர்வீட்டு மாமாகிட்ட வாங்குவாரே, மறந்துட்டியா?"

என் அக்கா பெண் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்காக ஆங்கிலத்தில் போடும்போது சின்னக் கடன் என்ற பொருள் வந்துவிடும். மாசக் கடைசி வராது. வட்டி இல்லை, சீட்டு இல்லை, முதல் தேதி திரும்பி வரும் என்ற நம்பிக்கை மட்டும்தான். இது தெரியாதவருக்கு அந்த வசனத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. சிலேடை வந்தால் இன்னும் கஷ்டம். உதாரணத்துக்கு நானே ஒன்று சொல்கிறேன். "மாலைக்குள்ள வந்துடறேன்" என்கிறார் மாப்பிள்ளை. "கழுத்து வந்தாப் போதும் மாப்பிள்ளை" என்கிறார் மாமனார். இதை எந்த மொழியில் எழுதுவது? அந்த இடத்தில் ஆங்கிலத்தில் கல்யாணத்தைத் தொட்டு வேறொரு சிலேடையைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், நேர்ப்பொருளை எழுதி நகர்ந்துவிட வேண்டும். அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதினால் சிரிப்பு செத்துப்போகும்.

கணக்கும் உண்டு. வாயைவிட எழுத்து அரை நொடி முந்தினால், நடிகர் சொல்வதற்குள் பார்ப்பவர் சிரித்துவிடுவார், நடிகர் தோற்றுப்போவார். அதனால் கேள்வியை ஒரு வரியாகவும் பதிலைத் தனி வரியாகவும் உடைத்து, பதிலை 12 சட்டகம் பிடித்துவைக்கிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

தமிழ் வசனத்துக்குத் தமிழிலேயே எழுத்து எதற்கு என்று கேட்கிறார்கள். காது மந்தமான பெரியவர்களுக்கு இந்த நாடகங்களே இளமை. அம்மாவுக்கே இப்போது இடது காது சரியாகக் கேட்பதில்லை. பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் இது கைகொடுக்கும். அகமதாபாத் ஐஐஎம்மில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி, திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் எழுத்தோட்டம் போட்டால் வாசிப்பு வளரும் என்று 1996 முதல் சொல்லி, தூர்தர்ஷனில் செய்தும் காட்டியவர். பாட்டுக்குப் பொருந்துவது நகைச்சுவைக்கும் பொருந்தும்.

இப்படி முடித்தவற்றை நான் பொதுவில் ஏற்றுவதில்லை. நம் சட்டப்படி இத்தகைய பதிவுக்கு வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டு காப்புரிமை உண்டு. 1986இல் வந்த நாடகம் 2046 முடியும்வரை உரியவருக்கே சொந்தம். அது சரிதான். ஆனால் நாடா அதுவரை காத்திருக்காது. கவிதாலயா நிறுவனம் தன் 'மர்மதேசம்' தொடரைத் தானே யூடியூபில் ஏற்றியதால் புதுத் தலைமுறை அதைப் பார்த்தது. தூர்தர்ஷனும் தன் ஆவணக் காப்பகத்திலிருந்து பலவற்றை ஏற்றிவருகிறது. சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் ஒரு மேஜையைப் போட்டு, 'உங்கள் வீட்டு நாடாவைக் கொண்டுவாருங்கள், பிரதி எடுத்துத் திருப்பித் தருகிறோம்' என்று அறிவித்தால், அப்பாவின் பெட்டியோடு முதல் ஆளாக நான் நிற்பேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் டெக்கில் போடாமல், ஈரம் படாத டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். முதுகில் எழுதியிருப்பதை ஒரு தாளில் குறித்துவையுங்கள், மை மங்குகிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அந்த நாடகத்தில் என்ன வந்தது என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.