கற்பித்தலில் படவில்லைக் காட்சி

படவில்லைக் காட்சி என்பது பாடப்பொருளைப் படமாகவும் எழுத்தாகவும் திரையில் காட்டும் கற்பித்தல் துணைக்கருவி ஆகும். 1987 இல் பவர்பாயிண்ட் மென்பொருள் வெளியான பின் இது பரவலாயிற்று. திரையிலுள்ள வரிகளை ஆசிரியர் அப்படியே வாசிப்பதே இதில் அதிகம் காணப்படும் குறை. படத்தை வாயால் விளக்கும்போது அதே சொற்களை எழுத்தாகவும் காட்டினால் கற்றல் குறையும் என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்டு மேயரின் கருத்து. படத்தைப் பார்க்க வேண்டிய கண் எழுத்துக்குப் போய்விடுகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலை மீதுள்ள கரியாலூரில் ஆறு பற்றிய பாடத்துக்குக் கங்கையின் படத்தைவிட, அம்மலையிலேயே உருவாகும் கோமுகி ஆற்றின் படம் பொருத்தமானது. மலை ஓடை, ஆறு, அடிவாரத்திலுள்ள கோமுகி அணை என மூன்று வில்லைகள் போதும். அவற்றில் இடப்பெயர்களை மட்டும் எழுதலாம். மின்சாரம் நின்றால் கரும்பலகையில் வரைந்து தொடரக்கூடிய எளிய படங்களாக இருப்பது நல்லது.