பட்டி நாய்க்கும் ஒரு படம்

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் கல்யாணப் படம் தொங்கும். காங்கேயம் காளையின் படமும் தொங்கும். இரவெல்லாம் பட்டியைக் காக்கும் நாய்க்கு மட்டும் படம் கிடையாது. கேட்டால், "அது எங்கேங்க நிக்கப் போவுது?" என்பார்கள்.

நிற்கும். சங்கிலியை இழுத்தால் வாலை இடுக்கிக்கொள்ளும். படத்தில் விழுவது அதன் அச்சமே. முதலில் காமிராவை முகர்ந்து பார்க்க விடவேண்டும். பிறகு அதன் கண்மட்டத்துக்கு நாமும் தரையில் அமர வேண்டும். வேஷ்டியில் மண் படிய அஞ்சுகிறவர் இக்காரியத்துக்கு ஆகார்! புதிதாக ஓர் ஓசை எழுப்பினால் காதுகள் நிமிரும். அந்தக் கணமே படம். இரண்டாம் தடவை அதே ஓசைக்கு மதிப்பில்லை.

ராஜபாளையம் நாயின் விஷயம் வேறு. 2005-ல் தபால் இலாகா வெளியிட்ட நான்கு இந்திய நாய்த் தபால் தலைகளில் ஒன்று இதற்கு உரியது. தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் இதன் அழகு. ஆனால் இவ்வினத்தில் பிறவிச் செவிடு உண்டு; அப்படிப்பட்டதற்குச் சீட்டியடித்துப் பயனில்லை, கைக்குட்டையை ஆட்டவேண்டும். வெண்மயிரைக் கண்டு ஒளிமானியும் ஏமாந்து படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். அது சொல்வதைப்போல் இரு மடங்கு வெளிச்சம் தருவது நலம். கறுப்புக் கன்னி நாய்க்கு நேர்மாறாகக் குறைக்கவேண்டும்.

அயல் ஜாதிக் கலப்பால் நாட்டு இனங்கள் உருமாறிவரும் காலம் இது. ஆகவே முகத்தை மட்டும் எடுத்துத் திருப்தியடையாமல், காலை வெயிலில் பக்கவாட்டாக நிறுத்தி, மார்பின் ஆழமும் ஒட்டிய வயிறும் வாலின் வளைவும் நான்கு கால்களும் தெரிய இன்னொன்று எடுத்து, பின்புறம் தேதியும் ஊரும் எழுதி வையுங்கள்.