மாமா வீட்டு அஸ்திவாரமும் சல்பேட் சிமெண்டும்

இந்த எபிசோடுக்குக் காரணம் கந்தர்வக்கோட்டையிலிருந்து மாமா பண்ணின ஒரு போன். "மாப்ளே, அஸ்திவாரத்துக்கு சல்பேட் தாங்குற சிமெண்ட்தான் போடணும்னு கடைக்காரர் சொல்றாரு. விலை கூடுதல். வாங்கட்டுமா?"

அவர் பயம் நியாயமானதுதான். பழைய வீட்டுச் சுவர் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையா பூத்து, பூச்சு பொலபொலன்னு உதிருது. மொத்தச் சேமிப்பும் இந்தப் புது வீட்டுக்குத்தான் போகுது.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்துடுவோம். சுவர்ல உப்பு பூக்கிறது வேற, சல்பேட் தாக்குதல் வேற. தரையிலிருந்து ஈரம் செங்கல் வழியா மேல ஏறி, காயும்போது உப்பை வெளியில விட்டுட்டுப் போகுது. அதுக்கு மருந்து பேஸ்மெண்ட் மேல ஈரத்தடுப்புப் பட்டை. சிமெண்ட் மூட்டையை மாத்தினா அது நிக்காது.

சல்பேட் தாக்குதல் கான்கிரீட்டுக்குள்ளேயே நடக்கிற வேலை. சிமெண்டுல டிரைகால்சியம் அலுமினேட்னு ஒரு சேர்மம் இருக்கு. மண்ணுல இருக்கிற சல்பேட் தண்ணியில கரைஞ்சு உள்ள போனா, அந்த அலுமினேட் பகுதியோட சேர்ந்து எட்ரிங்கைட்னு ஊசி ஊசியா படிகமாகுது. அது இடத்தை அடைச்சுக்கிட்டு வீங்கும், கான்கிரீட் விரியும். அதனால சல்பேட் தாங்கும் சிமெண்டுல, ஐஎஸ் 12330 விதிப்படி, அந்த அலுமினேட் 5 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. விசேஷம் அவ்வளவுதான்.

அப்போ அது எங்க தேவை? பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கம் போயிருக்கீங்களா? ஒரு காலத்துல கடலா இருந்த களிமண் நிலம். அதுல ஜிப்சம் நரம்பு நரம்பா ஓடுது. ஜிப்சம்னாலே கால்சியம் சல்பேட்தான். (வேடிக்கை என்னன்னா, சிமெண்ட் உடனே இறுகிடாம இருக்க ஆலையிலேயே கொஞ்சம் ஜிப்சம் சேர்த்துத்தான் அரைக்கிறாங்க.) அந்த மாதிரி மண்ணுல கட்டுறவங்க கட்டாயம் யோசிக்கணும். கந்தர்வக்கோட்டை முந்திரி விளையுற செம்மண் பூமி. ஆனாலும் மண்ணோட நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க மாமான்னு சொன்னேன். அஸ்திவாரம் உட்காரப் போற ஆழத்துல மண்ணும், போர் தண்ணி ஒரு பாட்டிலும் எடுத்து லேபுக்குக் கொடுக்கச் சொன்னேன். சல்பேட், குளோரைடு ரெண்டுமே பார்க்கணும்.

ஐஎஸ் 456:2000-ல அட்டவணையே இருக்கு. மண்ணுல சல்பேட் அளவு 0.2 சதவீதத்துக்குக் கீழன்னா சாதாரண சிமெண்டே போதும். 0.5 வரைக்கும் கூட, கனமீட்டருக்கு 330 கிலோ போட்டு, தண்ணியைக் கட்டுப்படுத்தினா அதுவே தாங்கும். அதுக்கு மேல போனாத்தான் சல்பேட் சிமெண்டோ, அதிக அளவுல பிபிசியோ, ஸ்லாக் சிமெண்டோ கேட்குது. பிபிசிங்கிறது அனல் மின் நிலையச் சாம்பல் கலந்தது, நம்ம ஊர்க் கடைகள்லயே கிடைக்கும்.

இன்னொரு பொறி இருக்கு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் மாதிரி கடலோரத்துல சல்பேட்டோட குளோரைடும் சேர்ந்து வரும். அங்க சல்பேட் சிமெண்ட் நல்லதில்ல. அலுமினேட் கொஞ்சம் இருந்தாத்தான் குளோரைடைப் பிடிச்சு வெச்சுக்கும். இல்லன்னா அது நேரா கம்பியைத் துருப்பிடிக்க வெச்சிடும். அங்க பாதிக்கு மேல ஸ்லாக் இருக்கிற சிமெண்டுதான் சரி. விலை கூடின மூட்டை எல்லா உப்புக்கும் மருந்துன்னு நினைக்கிறவங்க ஏமாறுற இடம் இது.

செப்டிக் டேங்க்குக்காவது போடலாமான்னு மாமா கேட்டாரு. அங்க மேல் மூடியை அரிக்கிறது பெரும்பாலும் வாயுவிலிருந்து உண்டாகுற கந்தக அமிலம். அமிலத்தை எந்த போர்ட்லேண்ட் சிமெண்டும் தாங்காது. காற்றுக்குழாயும் அடர்த்தியான கான்கிரீட்டும்தான் உதவும்.

ரிசல்ட் வந்தது. மண்ணுல சல்பேட் 0.2-க்கு ரொம்பக் கீழ, குளோரைடும் குறைவு. மாமா பிபிசி வாங்கினாரு. மிச்சமான காசு ஈரத்தடுப்புக்குப் போச்சு.

கான்கிரீட் போட்ட அன்னைக்கு நானும் ஊர்ல இருந்தேன். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர்தான், மணல் ஈரத்தையும் அதுல கழிச்சுக்கணும்னு மேஸ்திரிகிட்ட சொல்லியிருந்தோம். தண்ணி கூடினா கான்கிரீட்டுக்குள்ள நுண்துளை கூடும். எந்த உப்பும் அந்த வழியாத்தான் நுழையும். மேஸ்திரி தலையாட்டிட்டு, "கலவை இழுக்க மாட்டேங்குது"ன்னு ஹோஸைக் கையில எடுத்தாரு. மாமா ஒண்ணும் சொல்லல. நேரா போய் மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு வாளி கொண்டுவந்து மிக்சர் பக்கத்துல வெச்சுட்டு, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாரு.