துளையிடும் கருவியின் பேட்டரி: வீசுவதா, புதுப்பிப்பதா?

மின்கம்பி இல்லாமல் இயங்கும் துளையிடும் கருவி, அதாவது கார்ட்லெஸ் டிரில், இன்று நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. வாங்கிச் சில ஆண்டுகள் சென்றபின் ஒருநாள் அது திருகாணியைப் பாதியில் விட்டு நின்றுவிடும். இரவெல்லாம் மின்னேற்றினாலும் மறுநாள் இரண்டு துளையோடு ஓய்ந்துவிடும். கடையில் விசாரித்தால் புதிய பேட்டரியின் விலை புதிய கருவியின் விலையை நெருங்கி நிற்கும். பழைய வகைக் கருவி என்றால், "அந்த பேட்டரி இப்போது வருவதில்லை" என்ற பதிலும் கிடைக்கலாம். மோட்டாரும் பல்சக்கரமும் நல்ல நிலையில் இருக்க, கருவி குப்பைக்குப் போகிறது.

பேட்டரி போய்விட்டது என்கிறோம். ஆனால் பெரும்பாலும் முழு பேட்டரியும் போவதில்லை. பிளாஸ்டிக் உறையைத் திறந்து பார்த்தால் உள்ளே கட்டைவிரலைவிடச் சற்றுப் பருத்த உருளைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் உருளையும் ஒரு மின்கலம். நிக்கல் காட்மியம் கலம் ஒன்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட். ஆகவே 12 வோல்ட் பேட்டரியில் 10 கலங்களும், 14.4 வோல்ட்டில் 12 கலங்களும், 18 வோல்ட்டில் 15 கலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டிருக்கும்.

இந்தத் தொடர் இணைப்பில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரே மின்னோட்டம் எல்லாக் கலங்களையும் கடந்து செல்ல வேண்டும். பதினைந்தில் ஒன்று வலுவிழந்தால் அதுவே முதலில் காலியாகும். நாமோ விசையை விடாமல் அழுத்திக்கொண்டிருப்போம். அப்போது மற்றப் பதினான்கும் சேர்ந்து காலியான கலத்தின் வழியே மின்னோட்டத்தைத் தள்ள, அதன் நேர்முனை எதிர்முனையாக மாறிவிடும். உள்ளே வாயு உண்டாகி, அழுத்தம் கூடி, பாதுகாப்பு வால்வு வழியாகக் கசிவு ஏற்படும். அடுத்த முறை அந்தக் கலம் இன்னும் விரைவாகக் காலியாகும்.

இதைப் பலர் "மெமரி" பிடித்துவிட்டது என்பார்கள். அதற்கு மருந்தாக, பேட்டரியை அடியோடு காலி செய்துவிட்டுத்தான் மின்னேற்ற வேண்டும் என்ற அறிவுரையும் வரும். பல கலங்கள் தொடராக அமைந்த பேட்டரிக்கு இது மருந்தல்ல, நஞ்சு. கருவியின் வேகம் தளர்ந்தவுடன் நிறுத்தி மின்னேற்றுவதே சரியான பழக்கம்.

எந்தக் கலம் கெட்டது என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பேட்டரியை முழுதாக மின்னேற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு, ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போது கெட்ட கலமும் நல்ல பிள்ளையாக நடிக்கும். ஆகவே 12 வோல்ட் பேட்டரி என்றால், காரின் சமிக்ஞை விளக்கு பல்பு ஒன்றை இணைத்து எரியவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். நல்ல கலங்கள் 1.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும். நலிந்தது சில நிமிடங்களில் சரிந்துவிடும். தொடக்கத்திலேயே சுழியம் காட்டும் கலத்தினுள் காட்மியம் படிகங்கள் மயிரிழைபோல வளர்ந்து இரு முனைகளையும் இணைத்திருக்கக்கூடும். அதிக மின்னோட்டத்தைப் பாய்ச்சி அந்த இழையை எரித்துவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. இழை மீண்டும் வளரும் என்பதோடு கலம் வெடிக்கும் அபாயமும் இருப்பதால், நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? போதாது. புதிய கலத்துக்கு அருகில் பழையவை எல்லாம் வலுவற்றவையே. சில மாதங்களில் அவற்றுள் ஒன்று அடுத்து வீழும். எல்லாவற்றையும் ஒரே வகையில், ஒரே கொள்ளளவில் மாற்ற வேண்டும். கருவியோடு இரண்டு பேட்டரிகள் வாங்கி இரண்டும் கெட்டிருந்தால் மட்டும் ஒரு சிக்கன வழி உண்டு. இரண்டிலும் உள்ள நல்ல கலங்களைப் பொறுக்கி ஒரே பேட்டரியாக்கலாம். ஒரே வயதுடையவை என்பதால் ஓரளவு ஒத்துப்போகும்.

இத்தகைய கருவிகளில் பெரும்பாலும் இருப்பது சப்-சி எனப்படும் அளவு. ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் விட்டம், 43 மில்லிமீட்டர் நீளம். வாங்கும்போது இரு முனைகளிலும் நிக்கல் தகடு பொருத்தப்பட்டவற்றையே கேட்டு வாங்குங்கள். கலத்தின் மீதே ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சூடு உள்ளே பரவி அதன் அடைப்பையும் உள்தடுப்பையும் கெடுத்துவிடும். தொழிற்சாலையில் கணநேரத்தில் முடியும் ஸ்பாட் வெல்டிங் முறையைப் பயன்படுத்துவது இதனால்தான். பிரிக்கும் முன் கலங்களின் திசையைப் படம் வரைந்து வைப்பது நல்லது. கலங்களுக்கிடையே ஒட்டியிருக்கும் சிறிய வெப்ப உணரியை மறந்துவிடக் கூடாது. கலம் நிறைந்ததும் சூடேறுவதை அதன் மூலம் அறிந்துதான் பல மின்னேற்றிகள் நிற்கின்றன. அதைப் பழைய இடத்திலேயே, கலத்தைத் தொடும்படி வைக்க வேண்டும். அதே அளவில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலங்கள் அதிகக் கொள்ளளவு தரும். ஆனால் உங்கள் மின்னேற்றி அவ்வகைக்கும் உரியதா என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

இதுவரை சொன்னது நிக்கல் வகைக்கு மட்டுமே. லித்தியம் அயன் வேறு கதை. சோனி நிறுவனம் 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகை, 2005இல் மில்வாக்கியின் 28 வோல்ட் கருவிகளோடு கட்டுமானத் தளங்களுக்கு வந்தது. ஒரு கலத்துக்கு 3.6 வோல்ட் என்பதால் 18 வோல்ட்டுக்கு ஐந்து கலங்களே போதும். முழுதாக ஏறியபோது கலம் 4.2 வோல்ட்டைத் தொடும். விளம்பரத்தில் 20 வோல்ட் என்று வருவதும் இதே ஐந்து கலங்கள்தான்!

லித்தியம் கலம் அளவுக்கு மீறி மின்னேறினால் தீப்பிடிக்கலாம். அளவுக்கு மீறிக் காலியானால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைந்து, மீண்டும் மின்னேற்றும்போது உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படலாம். மின்னேற்றி ஒரு பேட்டரியை ஏற்க மறுக்கிறதென்றால் பெரும்பாலும் அதற்குக் காரணம் இருக்கிறது. வேறு மின்மூலத்திலிருந்து கொஞ்சம் ஊட்டி அதை ஏமாற்றும் வேலை வேண்டாம். பழைய நிக்கல் உறைக்குள் லித்தியம் கலங்களை நுழைத்துப் பழைய மின்னேற்றியில் போடுவது அதைவிட மோசம், 4.2 வோல்ட்டில் நிறுத்த அதற்குத் தெரியாது. ஸ்பாட் வெல்டிங் கருவியும் பாதுகாப்புச் சுற்று பற்றிய அறிவும் உள்ளவரிடம் கொடுங்கள், இல்லையேல் புதிதாக வாங்குங்கள்.

மாற்றியபின் மிஞ்சும் பழைய கலங்களை வீட்டுக் குப்பையில் போடலாகாது. ஜப்பானின் ஜின்சூ ஆற்றில் சுரங்கக் கழிவாகக் கலந்த காட்மியம், நெல் வழியாக மக்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் சிதைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கருவிகளின் பேட்டரிகளுக்குக் காட்மியத் தடையிலிருந்து தரப்பட்டிருந்த விலக்கு 2016 இறுதியோடு முடிந்தது. மலேசியாவில் காட்மியமும் நிக்கலும், பாதரசம் அல்லது லித்தியம் அடங்கிய பேட்டரிக் கழிவுகள் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் SW 103 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவர் லித்தியத்தையும் நிக்கலையும் ஏற்கிறாரா என்று கேட்டு, வகைபிரித்துக் கொடுக்க வேண்டும்.