கயிறு குற்றமல்ல, காலணி ஆயுதம்

லூசியானா மாநிலத்தின் நடுப்பகுதியில், பைன் காடுகளுக்கு இடையே இருக்கிறது ஜீனா. 2006இல் சுமார் 3,000 பேர் வாழ்ந்த சிற்றூர். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வெள்ளையர். ஊரின் உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் கிளைபரப்பி நின்ற ஒரு மரத்தின் நிழலில் வழக்கமாக வெள்ளை மாணவர்கள்தான் உட்காருவார்கள். அப்படி எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். 2006 ஆகஸ்ட் கடைசியில் நடந்த ஒரு கூட்டத்தில் கறுப்பின மாணவர் ஒருவர் எழுந்து, தானும் அங்கே உட்காரலாமா என்று கேட்டார். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார் பள்ளி முதல்வர். மறுநாள் காலை அந்த மரத்தில் சுருக்குப் போட்ட தூக்குக் கயிறுகள் தொங்கின.

கட்டியவர்கள் மூன்று வெள்ளை மாணவர்கள். அவர்களைப் பள்ளியை விட்டே நீக்க வேண்டும் என்று முதல்வர் பரிந்துரைத்தார். மேலே இருந்த கல்வி நிர்வாகம் ஏற்கவில்லை. பையன்களின் விளையாட்டுத்தனம் என்று சொல்லி, அதைவிட லேசான தண்டனையோடு முடித்துக்கொண்டது.

அந்த மண்ணில் தூக்குக் கயிறு விளையாட்டுப் பொருளாக இருந்ததே இல்லை. சம நீதிக்கான முனைப்பு என்ற அமைப்பு திரட்டிய கணக்கின்படி, 1877 முதல் 1950 வரை அமெரிக்காவில் 4,400க்கும் அதிகமான கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் எரித்தும் தூக்கில் தொங்கவிட்டும் கொன்றன. பல இடங்களில் இது ராத்திரியில் ஒளிந்து செய்த காரியமல்ல. பட்டப்பகலில், குடும்பம் குடும்பமாகக் கூட்டம் கூடிப் பார்த்தது. புகைப்படக்காரர்கள் படம் எடுத்து அஞ்சலட்டையாக அச்சடித்து விற்றார்கள். வாங்கியவர்கள் உறவினருக்கு அனுப்பினார்கள். அந்த அட்டைகளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று தடை வந்ததே 1908இல்தான். அட்டைக்குத் தடை வந்தது, கொலைகள் தொடர்ந்தன. கும்பல் கொலையைத் தேசியக் குற்றமாக்கும் சட்டம் 200 முறைக்கு மேல் முயன்றும் நிறைவேறாமல் கிடந்து, கடைசியில் 2022 மார்ச்சில்தான் கையெழுத்தானது.

ஜீனாவுக்குப் பக்கத்திலேயே இதன் வேர் இருக்கிறது. லூசியானாவில் மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள். ஜீனா இருப்பது லாசால் பாரிஷில். அதை ஒட்டிய கிராண்ட் பாரிஷின் தலைமையிடம் கோல்ஃபாக்ஸ். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. தேர்தலில் யார் வென்றது என்ற தகராறில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின ஆண்களை, பீரங்கியோடு வந்த வெள்ளையர் படை சூழ்ந்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. செத்தவர்களின் எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் 60இலிருந்து 150 வரை கணிக்கிறார்கள். சுமார் 100 பேர்மீது வழக்குப் பதிந்தும் மிகச் சிலருக்கே தண்டனை கிடைத்தது. தனி மனிதர் செய்த குற்றத்தில் மத்தியச் சட்டம் தலையிட முடியாது என்று சொல்லி, 1876இல் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. தாக்கப் போன தரப்பில் இறந்த மூன்று வெள்ளையர்களுக்கு 1921இல் நினைவுத் தூண் எழுப்பினார்கள். 1950வாக்கில் அரசே ஒரு பலகை நட்டது: இது ஒரு கலவரமாம், இதோடு தெற்கில் தவறான ஆட்சி முடிவுக்கு வந்ததாம். ஜீனா மரத்தில் கயிறு தொங்கியபோதும் அந்தப் பலகை நின்றுகொண்டிருந்தது. அகற்றியது 2021இல்.

இதெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்றும் தள்ள முடியாது. 1981இல் அலபாமாவின் மொபைல் நகரில், வெள்ளைக் காவலர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவரின் வழக்கில் ஜூரிகளால் முடிவுக்கு வர இயலவில்லை. ஆத்திரமடைந்த, வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ஆட்கள் தெருவில் இறங்கி, கண்ணில் பட்ட மைக்கேல் டொனால்டு என்ற 19 வயது இளைஞனைக் கடத்திக் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். அவனுக்கும் அந்த வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கொலையாளிகளில் ஒருவனுக்கு 1997இல் மரண தண்டனை நிறைவேறியது. கறுப்பினத்தவரைக் கொன்ற குற்றத்துக்காக அந்த மாநிலத்தில் ஒரு வெள்ளையருக்கு மரண தண்டனை நிறைவேறியது 1913க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

இந்த நினைவுகளோடு வளர்ந்த பிள்ளைகளின் கண்முன்னால்தான் ஜீனாவில் கயிறு தொங்கியது. அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது மாவட்ட அரசு வழக்கறிஞர் ரீட் வால்டர்ஸ் போலீசாருடன் பள்ளிக்கு வந்தார். பேனாவின் ஒரே கீற்றில் உங்கள் வாழ்க்கையை இல்லாமல் செய்துவிட முடியும் என்ற பொருளில் அவர் பேசினார். தங்களைப் பார்த்துத்தான் சொன்னார் என்றார்கள் கறுப்பின மாணவர்கள். அப்படி இல்லை என்றார் அவர்.

டிசம்பர் தொடக்கத்தில் ஊர் கொதித்தது. ஒரு விருந்தில் கறுப்பின மாணவன் ஒருவனை வெள்ளை இளைஞன் தாக்கினான். சாதாரண அடிதடி வழக்கு, நன்னடத்தைக் கண்காணிப்போடு போயிற்று. மறுநாள் ஒரு கடை வாசலில் வெள்ளை இளைஞன் ஒருவன் துப்பாக்கியை எடுக்க, கறுப்பின இளைஞர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். துப்பாக்கியை எடுத்தவன்மேல் வழக்கு இல்லை. பிடுங்கியவர்கள்மேல் துப்பாக்கித் திருட்டு வழக்கு. டிசம்பர் 4 அன்று பள்ளியில் வெள்ளை மாணவன் ஒருவனைக் கறுப்பின மாணவர்கள் அடித்தார்கள். அவன் நினைவிழந்து விழுந்தான். முகம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. ஒருவனைக் கும்பலாகச் சேர்ந்து அடித்ததற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. அவன் சில மணி நேரச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பி, அன்று மாலையே ஒரு பள்ளி விழாவுக்குப் போனான் என்பதும் பதிவில் இருக்கிறது.

கைதான ஆறு பேரில் ஐவர்மீது முதலில் போடப்பட்டது கொலை முயற்சி வழக்கு.

முதலில் விசாரணைக்கு வந்தவனுக்குச் சம்பவத்தன்று வயது 16. முன்பே சிறார் நீதிமன்றம் ஏறியவன்தான். ஆனாலும் அவனை வயதுவந்தவர்களுக்கான நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றச்சாட்டு கொஞ்சம் இறங்கி, ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தியது என்று மாறியது. ஆயுதம் எங்கே? கத்தியும் இல்லை, கட்டையும் இல்லை. அவன் காலில் போட்டிருந்த விளையாட்டுக் காலணிதான் ஆயுதம் என்றது அரசுத் தரப்பு. ஜூரித் தேர்வுக்கு வந்தவர்களில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. ஆறு வெள்ளையர்கள் தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தார்கள். அரசு அமர்த்திய எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. 2007 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 22 ஆண்டு வரை சிறை காத்திருந்தது.

அந்தக் கயிறு என்ன ஆயிற்று? மாநிலச் சட்டப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தும் அதற்குப் பொருந்தும் பிரிவு கிடைக்கவில்லை என்று வால்டர்ஸ் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அவர் பொய் சொன்னார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் காலணியை ஆயுதமாக்கும் அளவுக்கு வளைந்த சட்டம், கயிற்றின் பக்கம் மட்டும் இம்மியும் அசையவில்லை. பாரபட்சத்துக்கு எப்போதும் கெட்ட சட்டம் தேவைப்படுவதில்லை. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது, யாரைச் சிறார் என்று கருதுவது, எதைக் குறும்பு என்று விடுவது என்ற முடிவுகள் பெரும்பாலும் ஓர் அரசு வழக்கறிஞரின் மேசையிலேயே முடிந்துவிடுகின்றன.

2007 செப்டம்பர் 20 அன்று அந்தச் சின்ன ஊருக்குப் பல்லாயிரம் பேர் பேருந்துகளில் வந்து இறங்கினார்கள். கறுப்பின வானொலி நிகழ்ச்சிகளும் இணையமும் திரட்டிய கூட்டம். அதற்குச் சில நாள் முன்புதான், முதலில் விசாரணைக்கு வந்த சிறுவனை வயதுவந்தவர்களுக்கான நீதிமன்றத்தில் விசாரித்ததே தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்திருந்தது. ஏறத்தாழ பத்து மாதச் சிறைக்குப் பின் அவன் பிணையில் வெளியே வந்தான். பிறகு சிறார் நீதிமன்றத்தில் எளிய தாக்குதலை ஒப்புக்கொண்டு 18 மாதத் தண்டனை பெற்றான். மற்ற ஐவரின் வழக்கு 2009இல் முடிந்தது: 500 டாலர் அபராதம், 7 நாள் நன்னடத்தைக் காலம். கொலை முயற்சியில் தொடங்கிய வழக்கு அது. மிரட்டும் நோக்கத்தோடு தூக்குக் கயிறு தொங்கவிடுவதை 2008இல் லூசியானா குற்றமாக்கியது.

எல்லா வழக்குக்கும் பேருந்தில் கூட்டம் வருவதில்லை. பக்கத்து மிசிசிப்பி மாநிலத்தில், 1996இல் நடந்த நான்கு கொலைகளுக்காகக் கர்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். அந்த ஆறு விசாரணைகளிலுமாக, ஜூரித் தேர்வின்போது அவர் நீக்கியிருக்கக்கூடிய 42 கறுப்பினத்தவர்களில் 41 பேரை நீக்கினார். ஆறாவது முறை, நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவர்களிடம் மொத்தம் 145 கேள்விகள் கேட்டார். தேர்வான 11 வெள்ளையர்களிடம் கேட்டவை 12. இந்தக் கணக்கைத் தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டி, 2019இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2020இல் வழக்கே கைவிடப்பட்டது. ஃப்ளவர்ஸ் சிறையில் கழித்தது ஏறத்தாழ 23 ஆண்டுகள். மிசிசிப்பி சட்டப்படி இழப்பீடு ஆண்டுக்கு 50,000 டாலர், உச்சவரம்பு 5 லட்சம் டாலர். அவருக்குக் கிடைத்தது பத்து ஆண்டுகளுக்கான தொகை.