இறுகிப் போன பிளக்: கைபலமா, பொறுமையா?

பினாங்கு மாநிலத்தின் தென்பகுதியில், சிம்பாங் அம்பாட்டுக்கும் நிபோங் திபாலுக்கும் இடையே கூட்டரசுச் சாலையோரம் இருக்கும் ஊர் சுங்கை பாக்காப். சுற்றிலும் தோட்டங்கள். உட்புறத்திலிருந்து சந்தைக்கோ மருத்துவமனைக்கோ வர வேண்டுமென்றால் சொந்த வாகனம் வேண்டும். அந்த வாகனம் பழைய புரோட்டோன் சாகாவாக இருந்தால், அதை ஓட வைப்பது அந்தக் குடும்பத்துக்குப் பொழுதுபோக்கு அல்ல; அன்றாடத் தேவை.

காலையில் கார் உதறுகிறது. ஸ்பார்க் பிளக்கை மாற்ற வேண்டும். விலை சில ரிங்கிட்தான். ஆனால், ஆண்டுக்கணக்கில் கழற்றப்படாத பிளக் அசைய மறுக்கிறது. அப்போது ஸ்பானர் பிடித்திருப்பவருக்குக் கோபம் வருகிறது. கோபத்தில் போடும் ஒரு முறுக்கில் பிளக் உடைந்தால், எஞ்சினின் தலைப்பகுதியையே கழற்ற வேண்டி வரலாம். சில ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை பல நூறு ரிங்கிட் செலவாகிவிடும்.

ஏன் இறுகுகிறது?

முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகம் கண்டது. அதன் எஞ்சின் மிட்சுபிஷி வடிவமைத்தது. எஞ்சினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு. அதன் மேல் அமரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். பிளக்கின் உடலோ எஃகு. ஆக, எஃகு மரை அலுமினியத் துளைக்குள் இறங்கி இருக்கிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இரு வேறு உலோகங்கள் ஒட்டி இருக்க, நடுவில் ஈரம் புகுந்தால், அங்கே சிறு மின்கலம் போன்ற ஒன்று உருவாகிறது. அலுமினியம் மெல்ல அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. அந்தப் பொடி மரையின் இடுக்குகளை அடைத்துக்கொள்கிறது. பினாங்கின் கடற்காற்றும் ஈரப்பதமும் இதற்குத் துணை போகின்றன. உள்பக்கம் எரிபொருள் கரி படிந்து மரையின் நுனியைக் கட்டிப் போடுகிறது. போதாததற்கு, முன்பு மாற்றியவர் அளவுக்கு மேல் முறுக்கியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

குழாய் மாட்டினால் என்ன ஆகும்?

பலரும் செய்வது, ஸ்பானரின் கைப்பிடியில் நீண்ட இரும்புக் குழாயை மாட்டி இழுப்பது. கணக்கைப் பாருங்கள். 25 சென்டிமீட்டர் கைப்பிடியில் 20 கிலோ பலம் கொடுத்தால் முறுக்குவிசை ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர். அதே பலத்தை ஒரு மீட்டர் குழாயின் நுனியில் கொடுத்தால் நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ 200. அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்கை மாட்டும்போது தேவைப்படுவதே 25 முதல் 30 வரைதான். பிளக்கின் உடல் இத்தனை விசையைத் தாங்குமா? ஒன்று அது முறியும். அல்லது அலுமினிய மரையை உரித்துக்கொண்டு வரும்.

சரியான வழி

முதலில் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் ஊதி அகற்ற வேண்டும். பிளக் வெளிவந்ததும் அவை சிலிண்டருக்குள் விழுந்தால் புதிய வினை.

அடுத்து, துருவை இளக்கும் ஊடுருவு எண்ணெயைப் பிளக்கின் அடியில் சில சொட்டு விட்டு, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். குத்துவிளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, நுண்ணிய இடுக்குகள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு நேரம் பிடிக்கும். பலர் நம்பும் டபிள்யூ.டி.-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவாக்கப்பட்டது. கடுமையாக இறுகிய இடத்துக்கு, ஊடுருவுவதற்கென்றே தயாரித்த எண்ணெய் மேலானது.

மறுநாள் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அதனால் துளை சற்றுத் தளரும். ஆனால், கொதிக்கும் எஞ்சினில் கை வைக்கக் கூடாது. சூட்டில் அலுமினிய மரை இளகி எளிதில் உரியும். தீச்சுடர் காட்டுவதும் ஆபத்து. இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ அப்படிச் சிவந்து காட்டாமலே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பக்கத்திலேயே கார்புரேட்டரில் பெட்ரோல் இருப்பதையும் மறக்கக் கூடாது.

இனிதான் ஸ்பானர். பிளக்கின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஆறுமுனை சாக்கெட்டை நேராக அமர்த்த வேண்டும். சாய்ந்தால் வெள்ளைப் பீங்கான் உடையும். முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை அசைக்க வேண்டும்; பிறகு தளர்த்தும் பக்கம். கால் சுற்று வந்து மீண்டும் இறுகினால், உடனே திருப்பி இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்த வேண்டும். இப்படி முன்னும் பின்னும் அசைக்கும்போது அடைத்திருந்த பொடி நொறுங்கும். கிறீச்சென்ற சத்தம் கேட்டால், அது நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடி தேவையில்லை, அசைவு போதும்.

உடைந்துவிட்டால்?

அதோடு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். ஹெட் எஞ்சின் மேல் இருக்கும்போதே துளையிட்டால் உலோகத் துகள்கள் சிலிண்டரில் விழுந்து சுவரைக் கீறும். உடைந்த துண்டை எடுக்கும் கருவி மிகக் கடினமான எஃகு. அது உள்ளே முறிந்தால், அதைத் துளைப்பது அதைவிடக் கடினம். இது கடைசல் இயந்திரம் உள்ள பட்டறைக்குரிய வேலை. மரை மட்டும் உரிந்திருந்தால், துளையைப் பெரிதாக்கிப் புதிய மரைச்சுருளைப் பொருத்தலாம். ஹெட்டை வீச வேண்டியதில்லை.

பிளக் நல்லபடியாக வந்துவிட்டால், சிலிண்டருக்குள் இறங்கிய எண்ணெயை வெளியேற்ற வேண்டும். காயிலுக்கு மின்சாரம் வரும் வயரைக் கழற்றிவிட்டு, துளைமேல் துணி போட்டு, ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுழற்றினால் போதும். அப்போது அருகில் சிகரெட்டோ நெருப்போ இருக்கக் கூடாது.

மீண்டும் இறுகாமல் இருக்க

புதிய பிளக்கை விரலால் மட்டுமே திருகி உட்கார வைக்க வேண்டும். பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். வளையம் உள்ள 14 மில்லிமீட்டர் புதுப் பிளக்குக்கு இதுதான் அளவு. முலாம் பூசிய மரைக்கு கிரீஸ் தடவ வேண்டாம் என்று பிளக் தயாரிப்பாளர்கள் கூறுகிறார்கள். வழுக்குவதால் நம்மை அறியாமலே கூடுதலாக இறுக்கிவிடுவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒரு முறையாவது பிளக்கைக் கழற்றிப் பார்த்து மாட்டினால் அது ஒட்டிக்கொள்ள வாய்ப்பு குறைவு.

பதறாத காரியம் சிதறாது. அவசரப்பட்டு முறுக்கியவர் பட்டறைக்கு அலைகிறார். எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தவரோ, மறுநாள் காலை அதே பழைய காரில் குடும்பத்தோடு சந்தைக்குப் போகிறார்.