"இன்னும் தெரியாது" என்பதும் ஒரு பதில்தான்

புதிய தொற்றுநோய் ஒன்று வரும்போது வைத்தியர்கள் இன்று ஒன்று சொல்கிறார்கள், நாளை வேறொன்று சொல்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறோம். கொரோனாவின் தொடக்கமும் அப்படித்தான் இருந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்ற சீனாவின் ஆரம்ப விசாரணை முடிவை உலக சுகாதார ஸ்தாபனம் 2020 ஜனவரி 14இல் பகிர்ந்தது. ஜனவரி 20இல் தொற்றுகிறது என்று உறுதியானது. பொதுமக்களுக்கான முகக்கவச ஆலோசனையும் அவ்வாண்டு ஜூனில் மாறியது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. "ஆதாரம் கிடைக்கவில்லை" என்பதும் "அப்படி நடக்காது" என்பதும் ஒன்றல்ல. முதலாவது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதையே சொல்கிறது. நோய் அரும்ப நாட்கள் எடுக்கும், தரவு திரள வாரங்கள் எடுக்கும். அதுவரை காத்திருப்பதைத் தவிர குறுக்கு வழி கிடையாது. குறுக்கு வழி தேடியவர்கள் 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக பாணிக்காக நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். நம் வட்ஸ்அப் குழுக்களில் அன்று சுற்றிய கைமருந்துகளும் தடுப்பூசி வதந்திகளும் அதைவிட மேலானவை அல்ல.

ஆனால் நிச்சயமின்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை இந்நாட்டு முஸ்லிம்களை விட அறிந்தவர் குறைவு.

2020 மார்ச் 24இல் வெளியான உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல், தொற்றுநோயால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற பரவலான எண்ணம் தவறு என்றது. ஆயினும் ஏப்ரல் 11இல் இங்கு தகனம் கட்டாயம் என வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கலாம் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

அந்தக் "கலக்கலாம்" என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். வைரஸ் உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும். இறந்த உடலில் அது பெருகுவதில்லை, குறைந்துகொண்டே போகும். இந்நோய் பரவுவதோ பெரும்பாலும் மூச்சுவழி. சரி, நிலத்தடி நீருக்கே ஆபத்து என்று வைத்துக்கொண்டாலும், இரத்தோட்டை போன்ற மலையூர்களில் உயிரோடிருக்கும் நோயாளிகளின் கழிவு கழிவறைக் குழிகளுக்குத்தானே போகும்? அதைப் பற்றி வர்த்தமானி எதுவும் வரவில்லை. ஜனாஸாவுக்கு மட்டும் வந்தது.

தெரியாத நேரத்தில் முன்னெச்சரிக்கை எடுப்பது தவறல்ல. பள்ளிவாசல்கள் மூடப்பட்டன, ஜும்ஆ நின்றது. மனம் வலித்தாலும் சமூகம் ஏற்றுக்கொண்டது. ஏனெனில் மூடிய கதவை மறுபடி திறக்கலாம், எரித்த ஜனாஸாவைத் திருப்பி எடுக்க முடியாது. மீட்க முடியாத முடிவுக்கு அதிக ஆதாரம் வேண்டும். இங்கே நடந்தது தலைகீழ். 2020 டிசம்பரில் பிறந்து இருபது நாளான குழந்தை எரிக்கப்பட்டபின், பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டியது அந்தத் தலைகீழுக்கு எதிராகத்தான்.

அடக்கமும் பாதுகாப்பானதே என்று 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கம் சொன்னது. பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி திருத்தப்பட்டது. அப்போதும் அவரவர் ஊர் மையவாடிக்கு அனுமதி இல்லை. மாத்தளையில் ஒருவர் மௌத்தானால் தம்புள்ள, ஹபரணை, பொலன்னறுவை கடந்து ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு ஜனாஸா போக வேண்டும். மார்ச் 5இல் அங்கு அடக்கம் தொடங்கியது. ஓராண்டில் 3,600க்கும் அதிகமானோர் அங்கு அடக்கப்பட்டார்கள். 2022 மார்ச்சில்தான் ஊரிலேயே அடக்க வழி பிறந்தது.

அடுத்த நோய் வரும்போது இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: எந்தத் தரவு வந்தால் இந்த முடிவை மாற்றுவீர்கள்? விஞ்ஞானியிடம் இதற்குப் பதில் இருக்கும். அன்றைய நிபுணர் குழுவிடமிருந்து அத்தகைய பதில் பொதுவெளிக்கு வரவில்லை. அதன் நிலைப்பாடு மாதக்கணக்கில் அசையவுமில்லை.

2021இலும் 2024இலும் செய்யப்பட்ட நீர் ஆய்வுகளைச் சுட்டி, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அப்போது எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் தொகை 276 என்று சொல்லப்பட்டது.